ஜாலான் காயுவில் ஒரு காலைப் பரோட்டா

முதலில் பரோட்டாவைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் வந்திருப்பீர்கள். ஞாயிறு காலை ஏழரைக்கே சிங்கப்பூரின் ஜாலான் காயு தெருவுக்குப் போய்விட்டோம். "அண்ணே, ரெண்டு கோசோங், ஒரு முட்டை" என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கோசோங் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பரோட்டா. மாவை நாலு வீசு வீசி, மடித்து, கல்லில் போட்டு, பொன்னிறமானதும் எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள், அடுக்கெல்லாம் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. மீன் குழம்பில் புளி சரியாக இருந்தது, ஆட்டுக்குழம்பு அன்று கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது. தே தாரிக்குக்கு, அதாவது நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீருக்கு, சீனி குறைக்கச் சொல்லுங்கள். அவ்வளவும் சேர்த்துப் பத்து வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்).

இந்தத் தெருவில் கடைகள் வந்ததற்கே காரணம் கோடியில் இருந்த சிலேத்தார் விமானப்படைத் தளம். தளத்தைக் கட்டிய வுட்ஸ் என்ற பொறியாளரின் பெயரைத்தான், ஆங்கில 'வுட்' மரம் என்பதால், மலாயில் மரத்தைக் குறிக்கும் 'காயு' ஆக்கினார்கள் என்பார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் துணி தைக்க, முடி வெட்ட, பசியாற என்று தெரு முழுக்க அவர்கள் சம்பளத்தில்தான் ஓடியது.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் 1971க்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்வதாக அறிவித்தார். சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் படைத் தளங்களை நம்பி இருந்த நேரம், சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அரசாங்கம் கைகட்டி உட்காரவில்லை. தளங்களைத் தொழிலுக்கு மாற்றவென்றே ஒரு துறை அமைத்தார்கள், செம்பவாங் கடற்படைப் பட்டறை பெயருக்கு 1 வெள்ளி விலையில் கைமாறிக் கப்பல் பட்டறையானது. என் தாத்தா சிலேத்தாரில் விமானக் கொட்டகையில் பெயின்ட் அடித்தவர். அவருக்குக் கணக்கு முடித்துக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், அப்புறம் அந்தக் கப்பல் பட்டறையிலேயே வேலையும் கிடைத்தது.

பாட்டிக்குத்தான் எதுவும் இல்லை. அவர் அதிகாரிகள் பங்களாவில் துணி துவைத்து இஸ்திரி போட்டவர், சம்பளம் வீட்டுக்கார அம்மா கையால் வரும், எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. அந்தக் குடும்பம் கப்பலேறிய அன்று ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதாம், அது இன்னும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. ஆயாக்கள், தோட்டக்காரர்கள், மாதக் கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். தளம் மூடிய கதையை வெற்றிக் கதையாக எல்லாரும் சொல்கிறோம், நானும் பெருமைப்படுகிறேன், ஆனால் இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சாப்பிட்டுவிட்டு அந்தப் பழைய பங்களாக்கள் பக்கம் நடந்தோம். பிக்காடிலி, ரீஜன்ட் ஸ்ட்ரீட் என்று லண்டன் தெருப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, சுற்றிலும் விமான எஞ்சின் தொழிற்சாலைகள், பட்டறைகள். ஒரு பங்களாவைக் காப்பிக் கடையாக்கி அழகாகவே வைத்திருக்கிறார்கள். காப்பி ஒன்று 8 வெள்ளி, ஆறிப்போய் வந்தது, அதைக்கூட விட்டுவிடலாம். சுவரில் மாட்டிய வரலாற்றுப் பலகையில் எந்த அதிகாரி எந்த வீட்டில் இருந்தார் என்பது வரை இருக்கிறது, அந்த வீட்டில் துணி துவைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பரோட்டாத் தெரு தப்பித்ததற்குக் காரணம் ஆள் மாறினாலும் பசி மாறவில்லை என்பதுதான். வெள்ளைக்காரர்களுக்குப் பிறகு கட்டாய ராணுவச் சேவை செய்யும் நம் தேசிய சேவைப் பையன்கள் வந்தார்கள், அப்புறம் பக்கத்துச் செங்காங்கில் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகள் எழும்பிக் குடும்பங்கள் வந்தன. 2030க்குப் பிறகு பாய லேபார் விமானத் தளமும் தெங்காவுக்கும் சாங்கிக்கும் இடம் மாறப் போகிறது, காலியாகும் பாய லேபாரில் சுமார் 1,50,000 வீடுகள் கட்டலாம் என்கிறார்கள். நல்ல செய்திதான். அந்த வட்டாரத்துக் கோப்பிக்கடைக்காரர்கள், தளத்துக்குள் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காமார் பெயர்களையும் இப்போதே யாராவது எழுதி வையுங்கள், தயவுசெய்து.

கடைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எல்ஆர்டி இலகு ரயிலில் வந்தால் தங்கம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பொட்டலம் கட்டச் சொன்னால் குழம்பைத் தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வீடு போவதற்குள் ஊறிவிடும். பாட்டிக்கு நான் வாங்கிப் போனது இரண்டு கோசோங், குழம்பு வேண்டாம், அவர் சீனி தொட்டுத்தான் சாப்பிடுவார்.