ஒரே கல், இரண்டு வீடுகள்: ஆர்லிங்டன் ரோவும் கெல்ம்ஸ்காட்டும்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரே ஒரு பழைய கல் வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால், பலரும் பைபரி கிராமத்து ஆர்லிங்டன் ரோவுக்கே ஓடுவார்கள். நான் கெல்ம்ஸ்காட் மேனருக்குப் போகச் சொல்வேன்.

ஆர்லிங்டன் ரோ வீடாகப் பிறந்ததே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் மடத்துக்காரர்கள் கம்பளி சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. 17ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தனித்தனியாகப் பிரித்து நெசவாளர் குடில்களாக்கினார்கள். அதனால்தான் ஜன்னல்கள் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. அந்தக் கோணல்தான் அழகு! ஆனால் உள்ளே ஆட்கள் குடியிருப்பதால், பெரும்பாலும் வெளியே நின்று படம் எடுப்பதோடு சரி.

கெல்ம்ஸ்காட் 1600 வாக்கில் வசதியான விவசாயக் குடும்பத்துக்காகவே எழுந்த வீடு. உயர்ந்த முக்கோண முகப்புகள், கல் சட்டமிட்ட ஜன்னல்கள். 1871 முதல் இங்கே வாடகைக்கு இருந்த, வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ்தான் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்.

இரண்டு வீடுகளிலும் சுவர் சுண்ணாம்புக்கல்தான். கூரையும் கல் ஓடுதான்: அடி விளிம்பில் பெரிய பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதனால் சரிவு செங்குத்தாக இருக்கும். இத்தனை எடையைத் தாங்கும் மரச்சட்டங்களை உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கெல்ம்ஸ்காட்டில் மாடி அறைகள் வரை ஏறிப் பார்க்கலாம். அப்புறம், திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.