வெளியூர் மாநாடா, சொந்தக் கருத்தரங்கா: மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்கறிஞர்களின் பயிற்சிப் பணத்தை எதில் போடுவது?

அமெரிக்க மாநிலம் ஒன்றின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஸ்டாஃப் அட்டர்னியாக இருக்கிறேன். ஒரு நீதிபதிக்கு மட்டும் உதவியாளராக இல்லாமல், நீதிமன்றம் முழுமைக்கும் வழக்குக் கட்டுகளைப் படித்து, சட்டத்தை ஆராய்ந்து, வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் குழுவுக்குக் குறிப்பு எழுதித் தருவது எங்கள் வேலை. மேல்முறையீடுகள் மலைபோல் குவியத் தொடங்கிய 1970-களில்தான் இந்தப் பதவி பல மாநிலங்களில் வேரூன்றியது. எங்கள் அலுவலகத்தின் பயிற்சிப் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. ஆட்களைத் தேசிய மாநாட்டுக்கு அனுப்புவது ஒன்று; எங்கள் கட்டடத்திலேயே கருத்தரங்கு நடத்துவது மற்றொன்று. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

தேசிய மாநாட்டின் சிறப்பை நீட்டி விளக்கத் தேவையில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நீதித்துறைப் பிரிவில் எங்களுக்கென்றே ஒரு கவுன்சில் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிகள் கல்வி நிறுவனம் நடத்தும் வருடாந்திர உச்சி மாநாட்டில் நீதிபதிகளும் வழக்காடும் வழக்கறிஞர்களும் நாங்களும் ஒரே இடத்தில் கூடுகிறோம். எங்களுக்கெனத் தனி அமர்வுகளும் உண்டு. பிற மாநிலங்களில் இதே நாற்காலியில் இருப்பவர்களைச் சந்திக்க வேறு வழி அநேகமாக இல்லை. வழக்கறிஞர்கள் தொழிலில் நீடிக்கப் படித்தாக வேண்டிய கட்டாயக் கல்வி மணிக்கணக்கும் அங்கே எளிதாக நிறைந்துவிடும். டெக்சாஸில் ஆண்டுக்கு 15 மணி, நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகளுக்கு 24, கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுகளுக்கு 25 என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மாசசூசெட்ஸில் அந்தக் கட்டாயமே கிடையாது.

சொந்தக் கருத்தரங்கின் முதல் நன்மை வேகம். 2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எங்கள் குற்றவியல் மேசையை நேரடியாகத் தொடும் இரண்டு தீர்ப்புகளை ஒரே நாளில் வழங்கியது. தடயப் பொருளைச் சோதித்த ஆய்வக நிபுணர் வராதபோது, அவருக்குப் பதிலாக வேறொருவர் சாட்சிக் கூண்டேறி அவர் எழுதிவைத்ததைச் சொல்லலாமா என்பது ஸ்மித் எதிர் அரிசோனா வழக்கு. முந்தைய குற்றங்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்தவையா என்பதை, தண்டனையைக் கூட்டுவதற்கு முன் ஜூரிதான் முடிவுசெய்ய வேண்டும் என்றது எர்லிங்கர் வழக்கு. நிலுவையிலிருந்த மேல்முறையீடுகளில் இவ்விரண்டையும் பற்றிய கூடுதல் வாதங்கள் மாநாட்டுக் காலம் வரை காத்திருக்காமல் வந்து சேரும். வெளியாட்கள் இல்லாத அறையில், எங்கள் நீதிமன்றத்தின் பழைய குறிப்புகளையே மேசையில் வைத்து, எந்த இடத்தில் தர்க்கம் இனி நிற்காது என்று பேச முடிகிறது. ரகசியம் காக்கும் கடமை உள்ளவர்களுக்கு மாநாட்டு மண்டபத்தில் அப்படிப் பேச வாய்ப்பே இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல. பணம் வற்றும் ஆண்டில் எது உயிரோடு இருக்கும் என்பதுதான்.

மாநில நீதிமன்றங்களின் வரவு, சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரி வருவாய் சரிந்தால், வெளிமாநிலப் பயணத்துக்குத் தடை என்ற சுற்றறிக்கைதான் முதலில் வரும். 2009-இல் கலிபோர்னியா நீதிமன்றங்கள் மாதத்தில் ஒரு புதன்கிழமை கதவையே மூடின. அப்படிப்பட்ட காலத்தில் விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் யார் கையெழுத்திடுவார்கள்? பயணச் செலவு பட்ஜெட்டில் தனி வரியாக நிற்கிறது. தனியாக நிற்பதை வெட்டுவது சுலபம். அரசு நல்ல நிலையில் இருக்கும்போதுகூட, அலுவலகத்தில் இருவரோ மூவரோதான் போக முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. வரிசையில் கடைசியில் நிற்பவர்களும் அவர்களே. இது எனக்கு எப்போதும் உறுத்தியது.

உள்ளேயே நடத்தினால் அறை நீதிமன்றத்துடையது. பேசுபவர்கள் நம் நீதிபதிகள், ஓய்வுபெற்ற நீதிபதிகள், பக்கத்துச் சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள். மணிக்கணக்குக்கான அங்கீகாரம், அச்சுப் பிரதிகள், மதிய உணவு ஆகியவற்றோடு ரொக்கச் செலவு முடிந்துவிடுகிறது. அதற்காக இது மலிவு என்று சொல்லிவிட மாட்டேன். மறுஆய்வு அளவுகோல்களை, அதாவது கீழ் நீதிமன்றத்தின் முடிவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் உருப்படியாகப் பேச வேண்டுமானால், அதைத் தயாரிப்பவருக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். அந்த நாட்களில் அவர் மேசையில் வழக்குக் கட்டுகள் தேங்கும். உண்மையான செலவு அந்த நேரம்தான். அது எந்தக் கணக்கிலும் தெரியாததால் யாரும் வெட்டுவதில்லை. அதே காரணத்தால் யாரும் மதிப்பதும் இல்லை. ஆர்வமுள்ள ஒருவர் தன் மாலை நேரங்களைக் கொடுத்து நடத்திக்கொண்டிருப்பார்; அவர் வேலை மாறிய அன்றே கருத்தரங்கும் நின்றுவிடும்.

ஆகவே நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கியது பணத்தை அல்ல, எழுத்து மூலமான உத்தரவை. தயாரிப்பவருக்கு அந்த மாதம் இத்தனை வழக்குகள் குறைவு என்று தலைமை ஸ்டாஃப் அட்டர்னி எழுதித் தர வேண்டும். பொறுப்பு ஆண்டுதோறும் கை மாற வேண்டும். பாடக் குறிப்புகள், வருகைப் பதிவு, அங்கீகார விண்ணப்பம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். இவை இருந்தால் பட்ஜெட் பாதியானாலும் கருத்தரங்கு நடக்கும். வேண்டுமானால் மதிய உணவை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரலாம்.

வெளியிலிருந்து பணம் திரட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சட்ட நிறுவனங்கள் தாமாகவே ஆதரவு தர முன்வரும். வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்களின் வாதுரைகளைத்தான் மறுநாள் காலையில் நாங்கள் எடைபோடுகிறோம். தனியார் செலவில் நடக்கும் கருத்தரங்குகளுக்குக் கூட்டாட்சி நீதிபதிகள் போவது பெரிய சர்ச்சையாகி, 2006-இல் அதற்கென வெளிப்படுத்தல் விதிகளே கொண்டுவர வேண்டியிருந்தது. பெயர் தெரியாமல் பின்னணியில் குறிப்பு எழுதும் எங்களுக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகமாகவே இருக்க வேண்டும்.

மாநில நீதிமன்றங்களின் மேம்பாட்டுக்கு உதவ 1984-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தால் உருவான ஸ்டேட் ஜஸ்டிஸ் இன்ஸ்டிடியூட்டின் மானியம் அப்படியல்ல, கண்ணியமான பணம். ஆனால் வெளிமாநிலப் பயிற்சிக்கான அதன் உதவித்தொகை நீதிபதிகளையும் மேற்பார்வைப் பொறுப்பிலுள்ள ஊழியர்களையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சாதாரண ஸ்டாஃப் அட்டர்னிக்கு அந்தக் கதவு குறுகியது. திட்ட மானியம் கேட்டால் நீதிமன்றமும் தன் பங்கைப் போட வேண்டும். நாங்கள் அந்த வழியில் போகவில்லை. போனவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

மாநாட்டுக்கு ஆள் அனுப்புவதை முழுதாக நிறுத்திவிடவும் இல்லை. பணம் இருக்கும் ஆண்டில் ஒருவரை அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் கேட்டதை எங்கள் கருத்தரங்கில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

இணையவழி வகுப்புகளைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. மணிக்கணக்கு குறையும்போது நிரப்பிக்கொள்ள உதவின. பாடம் மனத்தில் நின்றதா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய நீதிமன்றத்துக்கு என் கணக்கு எந்த அளவு பொருந்தும் என்றும் தெரியவில்லை. அங்கே தயாரிப்புச் சுமை ஒருவர் தலையிலேயே விழுந்துவிடும். அத்தகைய இடத்தில் நான் இருந்தால், மாநிலத்தின் உச்ச நீதிமன்ற ஸ்டாஃப் அட்டர்னிகளையும் சேர்த்துக்கொண்டு இரண்டு நீதிமன்றங்களுக்கும் பொதுவாக ஒரு நாளை ஒதுக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பேன்.