பாக்கின்சனுக்கு ஸ்டெம் செல் ஊசி எண்டு வாறவங்களிட்ட சல்லியக் குடுத்திடாதீங்க

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டில பாக்கின்சன் (கை நடுங்கி உடம்பு விறைக்கிற மூளை வருத்தம்) வருத்தக்காரர் இருக்கிற ஆக்கள் தயவுசெஞ்சு இத வாசிங்க. எங்கட அப்பாவுக்கு ஆறு வருசமா இந்த வருத்தம், களுவாஞ்சிகுடியில தச்சு வேலை செஞ்ச மனிசன், இப்ப தேத்தண்ணிக் கோப்பையப் பிடிக்க ஏலா. போன வருசம் டவுன்ல ஒரு ஹோல்ல இலவச ஆலோசனை எண்டு கொழும்பில இருந்து வந்தாங்க, கோட் போட்ட ஒரு ஆள் போன்ல ஜப்பான் நியூஸக் காட்டி, இதத்தான் நாங்களும் செய்யிறம், ஸ்டெம் செல் எண்டா வேற செல்லா மாறக்கூடின செல், செத்த மூளைச் செல்லுக்குப் பதிலா புதுச் செல் போகும், மூணு ஊசியில நடுக்கம் நிக்கும் எண்டு அப்பாட கையப் பிடிச்சுக்கொண்டே சொன்னான். அம்மா அழுதிட்டா. நம்பிட்டம்.

12 லட்சம். என்ட தாலிக்கொடியும் தங்கச்சிட காப்பும் பேங்க்ல ஈடு, மிச்சம் மச்சான் கட்டார்ல இருந்து அனுப்பினது. மூணு தரம் இரவு பஸ்ல அப்பாவ ஏத்தி இறக்கினம், ஒவ்வொரு தரமும் சேலைன் மாதிரி கையில ஒரு மணித்தியாலம் ஏத்தினாங்க, அவ்வளவுதான். என்ன செல் எண்டு கேட்டா தொப்புள்கொடியில எடுத்தது எண்டாங்க, போத்தல்ல லேபலே இல்ல. அதவிடக் கொடுமை, இனித் தேவையில்ல எண்டு அப்பா பாக்கின்சனுக்கு வழமையாக் குடிக்கிற லெவோடோபா குளிசைய நிப்பாட்டச் சொன்னது. நாலாம் நாள் அப்பா பலகை மாதிரி விறைச்சிட்டார், எச்சில் விழுங்க ஏலா, பாத்ரூம்ல விழுந்து ஆஸ்பத்திரியில ஒன்பது நாள். ஆர் சொன்னாலும் அந்தக் குளிசையச் சட்டெண்டு விட்டுடாதீங்க.

அங்க நரம்பு டொக்டர் எங்கள ஏசாம கடதாசில கீறி விளங்கப்படுத்தினார். ஜப்பான் விசயம் உண்மைதான். யமனாகா எண்ட விஞ்ஞானி 2006ல எலிட செல்லையும் 2007ல மனிசர்ட செல்லையும் எந்தச் செல்லாவும் மாறக்கூடின நிலைக்குத் திருப்பிக் காட்டினவர், 2012ல நோபல் குடுத்தாங்க. அப்பிடிச் செல்லுல இருந்து டோபமின் செல்லா (அசைவுக்குத் தேவையான டோபமினச் சுரக்கிற மூளைச் செல், பாக்கின்சன்ல சாகிறது இதுதான்) முத்தக்கூடினத வளத்து கியோட்டோவில 7 பேருக்கு வைச்சு 2025ல முடிவ வெளியிட்டாங்க. ஆனா வைச்சது மண்டையோட்டில துளை போட்டு மூளைக்குள்ள நேரா, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 லட்சத்தில இருந்து 55 லட்சம் செல் வரைக்கும், உடம்பு அதத் தள்ளாம இருக்க மருந்தும் குடுத்து, ரெண்டு வருசம் பாத்துப் பாத்து. அதிலயும் அளந்து பாத்த 6 பேர்ல குளிசை வேலை செய்யாத நேரம் அசைவு தேறினது 4 பேருக்கு. கையில ஏத்தின செல் கூடுதலா நுரையீரல்லயே சிக்கிடுமாம், தொப்புள்கொடிச் செல் டோபமின் செல்லா மாறவும் மாறாதாம். மறுகா நான் வெளியில வந்து வாங்கில இருந்து அழுதன், அந்த நியூஸ நானும் முழுசா வாசிச்சிருந்தா துளை போட்டத எண்டாலும் கண்டிருப்பன்.

குளிசை திரும்பத் தொடங்கி அப்பா இப்ப பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறார். அவங்க போன எடுக்கிறதில்ல. பில்லில உடல்நல ஆலோசனை எண்டு மட்டும் கிடக்கு, ஸ்டெம் செல் எண்ட சொல்லே இல்ல. அடுத்த மாசம் கல்முனையில ஹோல் எடுத்திருக்காங்களாம். உங்கட வீட்டில ஆரும் பேர் குடுத்திருந்தா சல்லி கட்ட முந்தி எனக்கு மெசேஜ் போடுங்க, அந்த பில்லையும் ஆஸ்பத்திரித் துண்டையும் கொண்டந்து காட்டுறன்.