ஆக்ஸ்போர்டின் பிளாக் அகாடமிக் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகை: கூடவே இருந்து பார்த்ததில் தெரிந்தது

பர்மிங்காமில் என்னோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் குடியிருந்த தோழி இப்போது ஆக்ஸ்போர்டில் பிஎச்டி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய பாட்டி ஜமைக்காவிலிருந்து நர்ஸாக வந்தவர். கறுப்பின மாணவர்களுக்கான பிளாக் அகாடமிக் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகையில்தான் படிக்கிறாள், விண்ணப்பம் எழுதிய நாட்களில் சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவள் நான் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் பணம். கட்டணம் முழுவதையும் அவர்களே கட்டிவிடுகிறார்கள், அதுபோக வாழ்க்கைச் செலவுக்கும் தொகை உண்டு. பிரிட்டனில் அரசு ஆராய்ச்சி நிதியில் படிப்பவர்களுக்கு 2025-26ல் குறைந்தபட்சப் படி வருடத்துக்கு 20,780 பவுண்டு, அதாவது மாதக் கணக்கில் 1,730 போல வரும், இதற்கு வருமான வரி கிடையாது. இந்த உதவித்தொகையும் அந்த அளவை ஒட்டித்தான். ஆக்ஸ்போர்டு வாடகைக்கு இது தாராளம் இல்லை, ஆனால் மாலையில் கடை வேலைக்கு ஓடாமல் படிக்க முடிகிறது. இது கிடைக்காமல் போனால் இருக்கும் வழி அரசின் பிஎச்டி கடன். அது மொத்தப் படிப்புக்கும் சேர்த்தே சுமார் 30,000 பவுண்டுதான், கட்டணம் போக வருடத்துக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள், அதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விண்ணப்ப முறை. தனி விண்ணப்பம் இல்லை, நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா என்று பக்கம் பக்கமாக எழுதித்தரச் சொல்வதும் இல்லை. டிசம்பர் அல்லது ஜனவரி கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தால் தகுதி உள்ளவர்களை அவர்களே எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் இனப் பின்னணியைக் கேட்கும் கேள்வி ஒன்று வரும். என் தோழி எந்த வேலைப் படிவத்திலும் அந்தக் கேள்விக்கு "சொல்ல விருப்பமில்லை" என்றே குறித்துப் பழகியவள், சொன்னால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அன்று ராத்திரியும் கை தானாக அதற்கே போனது. அப்புறம் திரும்பப் படித்துவிட்டு, கறுப்பின கரீபியன் என்று குறித்துவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். அந்தக் கட்டத்தைப் பயமில்லாமல் குறிக்க வைத்ததற்காகவே நான் ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன்.

ஒரு சமூகத்துக்கு மட்டும் எதற்கு என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். 2019ல் லீடிங் ரூட்ஸ் என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று கல்வியாண்டுகளில் பிரிட்டனின் ஆராய்ச்சிக் கவுன்சில்கள் கொடுத்த 19,868 பிஎச்டி உதவித்தொகைகளில் கறுப்பின, கலப்புக் கறுப்பின மாணவர்களுக்குப் போனது 1.2 சதவீதம். கரீபியன் பின்னணி உள்ளவர்கள் வெறும் 30 பேர். நாடு முழுவதும், மூன்று வருடத்துக்கும் சேர்த்து! இப்படிப் பங்கு குறைந்து போன ஒரு பிரிவினருக்கென்று தனி ஏற்பாடு செய்ய 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் தருகிறது, அந்த வழியில்தான் இது நடக்கிறது.

குறைகளும் உண்டு. பிரிட்டனில் வசித்து உள்நாட்டுக் கட்டணத்துக்குத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் இது, நைஜீரியாவிலிருந்தோ கானாவிலிருந்தோ நேராக விண்ணப்பிப்பவர்கள் வேறு உதவித்தொகை தேட வேண்டும். அதைவிடப் பெரிய குறை, இந்த உதவி வந்து சேரும் இடம். பெரும்பாலான துறைகளில் மாஸ்டர்ஸ் முடித்தவர்கள்தான் போட்டியில் நிற்க முடிகிறது. அவள் மாஸ்டர்ஸ் படித்தது கடனில், அந்த வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்னால் கைடு கிடைக்க வேண்டுமே. அவள் முந்தைய வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் நாலு பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினாள், ஒரு வரி பதில்கூட இல்லை. வீட்டில் யாரும் பிஎச்டி பக்கம் போகாதவளுக்கு அந்த மெயிலை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. மூன்று பக்கத்துக்குத் தன் கதையை எழுதியிருந்தாள். மறுமுறை ஆறே வரி: என் கேள்வி இது, உங்கள் இந்தக் கட்டுரையோடு இப்படிச் சேர்கிறது, பேச முடியுமா. ரெண்டே நாளில் பதில் வந்தது.

இன்னொன்று, இதையும் ஸ்டார்ம்ஸி உதவித்தொகையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ராப் பாடகர் ஸ்டார்ம்ஸி 2018ல் தொடங்கியது கேம்பிரிட்ஜில், அதுவும் இளங்கலைக்கு.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். மாஸ்டர்ஸிலிருந்தே கைபிடித்துக் கூட்டிப் போனால் அந்த ஐந்தாவதையும் தருவேன். தெரிந்த கறுப்பினப் பிள்ளைகள் யாராவது முதுகலையில் இருந்தால் தயவுசெய்து அவர்கள் காதில் போடுங்கள், கெடு டிசம்பர் என்றாலும் கைடுக்குப் போக வேண்டிய மெயில் செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டும். அந்த ஆறு வரி மெயிலை எழுத உதவி வேண்டுமானால் சொல்லுங்கள், அவள் உட்கார்ந்து பார்த்துத் தருவாள், போன மாதம்கூட அவளுடைய சித்தி மகளுக்குப் பார்த்துக் கொடுத்தாள்.