என்ற ஆர்சி ட்ரக்கும் ஏழு வருச கிளிட்ச்சும்

காங்கயத்துக்குப் பக்கத்துல எங்களுக்கு ஒரு கொப்பரைக் களம் இருக்குதுங்க, நல்ல அகலமான சிமெண்டுத் தரை, தேங்கா காயப்போடாத நாள்ல ஆர்சி வண்டி, அதான் ரிமோட்டுல ஓட்டற சின்ன வண்டி, ஓட்ட அத விட்டா வேற எடம் வேண்டியதில்ல. 2018ல பழசா ஒரு எலக்ட்ரிக் மான்ஸ்டர் ட்ரக்கு வாங்குனேன். நெச வண்டியில பத்துல ஒரு பங்கு சைஸு, 540ன்னு சொல்ற அளவு பிரஷ் மோட்டாரு, 27 மெகாஹெர்ட்ஸ் ஏஎம் ரிமோட்டு, ஆண்டெனாவ இழுத்துவிட்டா தூண்டில் குச்சியாட்ட நிக்கும். ஏழு வருசம் ஓட்டியாச்சு, அதுல பாதி நாள் ஓட்டுனதே இல்ல, கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

மொத மூணு மாசம் ஒரு கொறையுமில்ல. அப்பறம் மோட்டாரு தேஞ்சு போச்சுன்னு வேற ஒண்ணு வாங்கி மாட்டுனேன், அன்னைக்கு ஆரம்பிச்சுது கெரகம், கிளிட்ச்சுன்னு சொல்ற சிக்னல் கோளாறு. இருபதடி தாண்டுனா ஸ்டியரிங்கு தானா வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும், ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க ஜாஸ்தி ஆகும். ஒரு நாள் நான் கையே வைக்காம முழு வேகத்துல கெளம்பி நேரா கொப்பரைக் குவியல்ல போய் ஏறிருச்சு, ஆத்தா வெளக்குமாத்தோட எந்திரிச்சு வந்துது. பழைய ஏஎம் செட்டுல, சிக்னல் போனா வண்டிய நிறுத்தற ஃபெயில்சேஃப் எல்லாம் கெடையாதுங்க, சிக்னல் வரலைனா எந்த எரைச்சல் வருதோ அதையே கட்டளைன்னு எடுத்துக்கும்.

நான் பழிபோட்டது பக்கத்து எண்ணெய் மில்லு மேல. பெரிய மோட்டாரு, ஸ்டார்ட்டரு, அதுதான் குழப்புதுன்னு அடிச்சுச் சொன்னேன். வண்டியத் தூக்கிட்டு சிவன்மலை அடிவாரத்துல ஆளில்லாத வெட்டவெளியில போய் ஓட்டிப் பாத்தா அங்கயும் அதே வெடுக்கு. மில்லுக்காரர் தப்பிச்சாரு.

அப்பறந்தான் மச்சான் ஒரு ரோசனை சொன்னான், "மாப்ள, மோட்டாரு வயரக் கழட்டிப்போட்டுட்டு வெறும் ஸ்டியரிங்க மட்டும் ஆட்டிப் பாரு, தூரமாப் போயி." செஞ்சோம். அவன் வண்டிகிட்ட நிக்க நான் களத்துக் கடைசி வரைக்கும் நடந்தேன், ஒரு துடிப்பு இல்ல, வெண்ணெயாட்ட திரும்புது. வயர மாட்டி, சக்கரம் தரையில படாம செங்கல்லு மேல தூக்கி வச்சு ஓட்டுனா அதே ஆட்டம். ஆக எடஞ்சல் வெளிய இல்ல, வண்டிக்குள்ளயே இருக்குது. நெசமான்னு பாக்க அப்பாரு வச்சிருந்த பழைய மீடியம்வேவ் ரேடியோவ ஸ்டேஷன் இல்லாத எடத்துல திருப்பி வச்சு மோட்டாருகிட்ட கொண்டுபோனோம், ஆக்சிலேட்டர் தொட்டதும் கொரகொரன்னு கத்துச்சு பாருங்க. மோட்டாருக்குள்ள கரண்டு குடுக்கற பிரஷ்ஷும் சுத்தற கம்யூட்டேட்டரும் உரசுற எடத்துல பறக்குற பொறிதான் அந்தச் சத்தம், அதே எரைச்சல்தான் வண்டியில ரிமோட்டு சிக்னல வாங்கற ரிசீவருக்குள்ளயும் போகுது.

பழைய மோட்டாரத் தேடி எடுத்துப் பாத்தா அதுல அந்த எரைச்சல அமுக்கற கெப்பாசிட்டர் சின்னச் சின்னதா மூணு வச்சு சால்டர் பண்ணியிருக்குது, நான் வாங்குன புதுசுல ஒண்ணுகூட இல்ல, மொழுமொழுன்னு இருக்குது. டிவி ரிப்பேர் கடையில 104ன்னு எழுதுன செராமிக் கெப்பாசிட்டர் கேட்டு வாங்குனேன், 0.1 மைக்ரோஃபேரட், வெல பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு முனைக்கும் நடுவுல ஒண்ணு, முனைக்கு ஒண்ணா ரெண்டு மோட்டாரோட தகரக் கூட்டுக்கு. கெப்பாசிட்டரோட கம்பிக் கால எவ்வளவு குட்டையா வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையா வெட்டணும், நீளமா உட்டா அதுவே ஆண்டெனா ஆயிரும். கூட்டுல ஈயம் ஒட்டவே ஒட்டாது, உப்புத்தாள்ல நல்லா பளபளன்னு தேச்சு எடுத்தப்பறம்தான் புடிச்சுது, அதுக்கும் என்ற 25 வாட் அயர்ன் பத்தல, கடைக்காரரு 60 வாட்ல ஒரே தொடுல வச்சுக் குடுத்தாரு. கூடவே, கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடற டயோடு ஒண்ணும் போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, நல்லவேளை போடல, ரிவர்ஸ் போற ஈஎஸ்சில (மோட்டாரு வேகத்தக் கட்டுப்படுத்தற சர்க்யூட்டு) டயோடு போட்டா ரிவர்ஸ் அடிக்கறப்ப அது ஷார்ட் ஆகி ஈஎஸ்சியும் சேந்து போயிரும்.

முக்கால்வாசி சரியாப்போச்சு. மிச்சம் கால்வாசி என்ற சொந்தக் கைவேலை. ரிசீவரோட ஆண்டெனா வயரு முக்கா முழத்துக்குத் தொங்குதேன்னு ஒரு நா பாதியா வெட்டி, மிச்சத்தச் சுருட்டி மோட்டாரு வயரு மேலயே டேப் சுத்தி வச்சிருந்தேன். அந்த நீளத்துக்குன்னு கணக்குப் பண்ணித்தான் ரிசீவரச் செஞ்சிருப்பாங்க, வெட்டுனா தூரம் போச்சு. வேற ரிசீவர் மாட்டி, வயரக் கொழாய்க்குள்ள விட்டு நேரா நிக்கவச்சு, மோட்டாருக்கு எதிர்ப் பக்கமாத் தள்ளி ஸ்பாஞ்சு மேல ஒட்டுனேன். குலுக்கல்ல, சேனல முடிவு பண்ற கிரிஸ்டல் சாக்கெட்டுல இருந்து லேசா எந்திரிச்சிருந்ததையும் அப்பத்தான் பாத்தேன்.

வெளிய இருந்து வந்த எடஞ்சல் ஒரே ஒரு தடவதான். சிவன்மலைத் தேருக்குப் போயிட்டு வந்த அக்கா பையன் பொம்மைக் காரோட திண்ணையில உக்காந்தான், அவன் பட்டன அமுத்துனா என்ற ட்ரக்கு திரும்புது! அவன் ரிமோட்டத் திருப்பிப் பாத்தா 27.145ன்னு போட்டிருக்கு, என்ற கிரிஸ்டலும் மஞ்ச, அதே 27.145. 26.995ல இருந்து 27.255 வரைக்கும் ஆறு சேனல், அதுல போய் ஒரே சேனல்ல மாட்டிக்கிட்டோம். அன்னைக்குப் பூரா அவந்தான் ஓட்டுனான்.

2021ல அலுத்துப்போயி 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுனேன். கிரிஸ்டல் இல்ல, பைண்ட் பண்ணுனா அந்த ரிமோட்டுக்கு அந்த ரிசீவர், ஆண்டெனா நுனி 3 சென்டிமீட்டர் சொச்சம், அத மட்டும் பேட்டரி, தகரம் எதுலயும் படாம நிமித்தி வைக்கணும். நிம்மதின்னு நெனச்சா ஆறு மாசத்துல புதுக் கூத்து, ஓடிட்டு இருக்கறப்ப ஒரு நொடி செத்துப்போயி மறுபடி எந்திரிக்கும். ரேடியோதான்னு ரெண்டு வாரம் அலைஞ்சேன். கடைசியில பாத்தா ஸ்டியரிங்கத் திருப்பற சர்வோ மெட்டல் கியர் வச்சது போட்டிருந்தேன்ல, அது முழுசா திரும்பி முட்டி நிக்கறப்ப இழுக்கற கரண்டு ஈஎஸ்சில இருக்கற, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்டு குடுக்கற பிஇசிக்குத் தாங்கல, ஓல்டேஜ் எறங்கி ரிசீவர் அணைஞ்சு மறுபடி ஏறுது. ரிசீவருல காலியா இருந்த சொருகு எடத்துல 4700 மைக்ரோஃபேரட் 16 ஓல்ட் கெப்பாசிட்டர் சொருகுனேன், பாதி கொறைஞ்சுது, ப்ளஸ் மைனஸ் மாத்திச் சொருகிடாதீங்க, வெடிச்சிரும். அப்பறம் தனியா ஒரு பிஇசி போட்டதும் சுத்தமா நின்னுது.

இப்ப பிரஷ்லெஸ் மோட்டாரு, பொறியும் இல்ல, அந்த மூணு கெப்பாசிட்டருக்கும் வேலையில்ல, அதுல கொண்டுபோய்ப் போடவும் கூடாது. ஃபெயில்சேஃப நியூட்ரல்ல வச்சிருக்கேன், மாசம் ஒருக்கா செங்கல்லு மேல தூக்கி வச்சு ரிமோட்ட அணைச்சு சக்கரம் நிக்குதான்னு பாத்துருவேன், ஆத்தாவுக்காக.

27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டு, மஞ்சக் கிரிஸ்டல், பழைய ரிசீவர் ரெண்டு எல்லாம் டப்பாவுல சும்மா கெடக்குது, வேணுங்கறவங்க களத்துக்கு வந்து எடுத்துக்கங்க, காசு வேண்டாம். ஒரு ரிசீவருல மட்டும் வயரு பாதிதான் இருக்கும், அது எப்புடின்னு கேக்காதீங்க.