பல்மோரல் தொப்பி ரிப்பன்: தொங்கவிடுவதா, பூ முடிச்சா, வெட்டிவிடுவதா?

கில்ட்டோடு (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) போட்டுக்கொள்ள அந்த ஊர்ப் பல்மோரல் தொப்பி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. பின்னால் தொங்கும் இரண்டு கறுப்பு ரிப்பன்களை என்ன செய்வது? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நீலக் கம்பளியில் ஒன்று வாங்கி, ரிப்பனைத் தொங்கவிட்டும் போட்டேன், கட்டியும் போட்டேன். கடைசியில் ஷூ நாடாவுக்குப் போடுவது போன்ற பூ முடிச்சு என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு ஸ்காட்லாந்துத் தொப்பியான கிளெங்காரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். நீளவாக்கில் மடியும் அந்தத் தொப்பிக்கு ரிப்பனைத் தொங்கவிடுவதுதான் வழக்கம். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளிலும் பைப் பேண்டுகளிலும் அப்படித்தான் பார்க்கிறோம். நான் கிளெங்காரி அதிகம் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

பல்மோரல் வட்டமானது, பழைய நீலக் கம்பளித் தொப்பியின் வழி வந்தது. இடப்பக்கம் பேட்ஜுக்கு அடியில் இருக்கும் ரிப்பன் மலருக்கு ஒரு காலத்தில் பெரிய அரசியல் அர்த்தம் இருந்தது. 1745 கிளர்ச்சியில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்த ஜேக்கபைட்டுகள் வெள்ளை மலர் வைத்தார்கள், அரசுப் படையினர் கறுப்பு வைத்தார்கள். பின்பக்க ரிப்பனின் வேலை வேறு. தொப்பியைத் தலைக்கு ஏற்றபடி இறுக்கத்தான் அது வந்தது. முடிவெடுக்க வேண்டியதும் இதை வைத்துத்தான்.

முதலில் தொப்பியைத் திருப்பி ஒரு ரிப்பனை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரப்பட்டி சுருங்கவில்லை என்றால் அது அழகுக்குத் தைத்தது. உங்கள் விருப்பம் போல விட்டுக்கொள்ளலாம். சுருங்கினால், உள்பாவாடையில் நாடா ஓடுவது போல உள்ளே ரிப்பன் ஓடுகிறது என்று அர்த்தம். என் தொப்பி இந்த ரகம்.

இதில் ரிப்பனை அப்படியே தொங்கவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நடக்கும்போது லேசாக ஆடும். ஆனால் இறுக்கத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. கம்பளி மழையில் நனைந்தால் தளர்ந்துவிடும். கூடவே காற்றும் அடித்தால் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மழையும் காற்றும் சேர்ந்து வருவது ஒன்றும் அபூர்வமில்லை. முதலில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மீதியைத் தொங்கவிடலாம்தான். ஆனால் நனைந்த முடிச்சை அப்புறம் அவிழ்ப்பதற்குள் நகம் வலித்துவிடும். பூ முடிச்சென்றால் ஒரு முனையை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். தொப்பி காய்ந்து இறுகியதும் கொஞ்சம் தளர்த்தி மறுபடி கட்டிக்கொள்ளலாம். மாதாமாதம் முடி வெட்டுகிறவர்களுக்கும் இது வசதி, தலையளவு கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

கட்டும்போது முடிச்சின் இரண்டு வளையங்களையும் சின்னதாக, ஓரப்பட்டியோடு ஒட்டிப் படியும்படி வையுங்கள். பெரிதாகக் கட்டினால் கோட்டுக் காலரில் இடித்துக்கொண்டே இருக்கும். எடுத்து வைக்கும்போது அவிழ்த்து வைத்தால் ரிப்பனில் மடிப்பு நிற்காது.

வெட்டிவிடுவதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓடும் ரிப்பனைக் குட்டையாக வெட்டினால் முனை பட்டிக்குள் போய்விடும். பிறகு ஊக்கைக் கோத்து, துணிக்குள் தடவித் தடவி நகர்த்தி வெளியே எடுக்க வேண்டும். கண்ணில் படக்கூடாது என்று நினைத்தால், பூ முடிச்சைப் போட்டு முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். ரிப்பனும் முழுசாக இருக்கும்.

எப்படி விட்டாலும் முனை பிரியத்தான் செய்யும். சாய்வாகவோ நடுவில் உள்வாங்கிய வி வடிவிலோ வெட்டினால் பிரிவது குறையும். பாலியெஸ்டர் ரிப்பன் என்றால் முனையை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி, பட்டு, ரேயான் என்றால் தீ வேண்டாம், கருகிவிடும். நிறமில்லாத நகப்பூச்சை விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவிக் காய விடுங்கள்.

மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணம், நல்ல கோட்டு, மழைக்கு வாய்ப்பில்லை என்றால் தொங்கவிட்டே போகலாம், அழகு அதில்தான் கூடுதல். வெளியே கிளம்புவதற்கு முன் கட்டிக்கொள்ளுங்கள்.