பிரிட்ஜ் ஆஃப் ஹோப்: வீடிழந்த தாய்மாருக்குத் திருச்சபையின் துணை எப்படி இருக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980களின் இறுதியில் தொடங்கிய சேவை இது. வீடிழந்த, அல்லது இழக்கப்போகும் நிலையில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கானது. ஒரு குடும்பத்துக்கு ஒரே சபையிலிருந்து 8 முதல் 12 பேர் கொண்ட குழு. கூடவே சம்பளத்துக்கு வேலை செய்யும் சமூகப் பணியாளர் ஒருவர். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை துணை நிற்பார்கள்.

மெச்ச வேண்டியது வேலைப் பிரிவினையைத்தான். கடன், வாடகை உதவி, வரவு செலவுக் கணக்கு எல்லாம் பணியாளர் பொறுப்பு. சபையார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், வேலைக்குக் காரில் கொண்டுபோய் விடுவார்கள், பிறந்தநாளுக்குக் கூடுவார்கள். இந்தக் கோட்டைத் தாண்டினால் சிக்கல். யாராவது இரக்கப்பட்டு 200 டாலரைக் கையில் திணித்தால் போதும், அடுத்த சந்திப்புக்கு வரவே அந்தத் தாய் கூசுவார். எட்டுப் பேருக்குக் குறையக் கூடாது என்பதும் சரிதான். நால்வரில் இருவர் தளர்ந்தால் மொத்தப் பாரமும் மற்ற இருவர் தலையில் விழும்.

பணவிஷயத்தில் குழுக்கள் அதிகம் கோட்டைவிடுவது சம்பள உயர்வில். மணிக்கு ஒன்றிரண்டு டாலர் கூடினாலே ஸ்நாப் எனும் அரசின் உணவு உதவியும் குழந்தைக் காப்பக மானியமும் குறையலாம், சில சமயம் நின்றே போகலாம். கூடுதல் ஷிஃப்டுக்குச் சரி சொல்லும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வாடகை பாக்கிக்காக நடந்த வெளியேற்ற வழக்கு, வாடகைதாரர் சரிபார்ப்பு அறிக்கையில் 7 ஆண்டுகள் வரை நிற்கும். முன்பணம் தயாராக இருந்தாலும் வீட்டுக்காரர் தயங்குவார். பணியாளர் நேரில் போய்ப் பேசினால்தான் கதவு திறக்கும். வீடு மாறினாலும் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியதில்லை. வீடற்றோருக்கான 1987இன் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி பழைய பள்ளியிலேயே தொடரலாம், போக்குவரத்தும் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு அலுவலர் உண்டு.

சேரும் சபைகள் மிகவும் கவனிக்க வேண்டியது ஜெபக் குறிப்பு. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணின் பெயரும் தெருவும் ஞாயிற்றுக்கிழமை அறிக்கைத் தாளில் அச்சானால், அன்பாகச் செய்ததே அவருக்கு ஆபத்தாகிவிடும். ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்ற தொனியும் எங்கும் தலைகாட்டக் கூடாது.

இன்றிரவே படுக்க இடம் வேண்டும் என்பவருக்கு இது உதவாது. தேர்வுக்கும் குழு அமைக்கவும் நாளாகும். அவர்கள் முதலில் 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்து ஷெல்டர், அதாவது தற்காலிகத் தங்குமிடம், கேட்பதே நல்லது.